வராதவுகளுக்கும் கேக்கணும்

இன்று காலை குரூப்பில் என் மானம் போய்விட்டது, மாப்ளே. நீ இருந்திருந்தால் இதை வைத்தே ஒரு வாரம் வேன் ஓட்டியிருப்பாய்.

முந்தாநாள் நம்ம 'வேன் வருது' குரூப்பில் நான் ஒரு கேள்வி போட்டேன். 'வாழ்க்கையில் வெற்றி பெற எது முக்கியம்?' என்று. இரண்டு நாள் ஆயிற்று. வேனில் வருகிற முப்பது பேரும் பார்த்திருக்கிறார்கள், ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. இன்று காலை சார்ஜ் போடுகிற இடத்தில் என் போனும் ஈஸ்வரி போனும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. அவள் குளிக்கப் போயிருந்தாள். எனக்கு என்ன தோன்றியதோ, அவள் போனை எடுத்து, 'அருமையான கேள்வி அண்ணே. உழைப்புதான் முக்கியம்' என்று அடித்து அனுப்பிவிட்டேன். குரூப்பில் எல்லா ஆம்பிளைகளையும் அவள் அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். அந்தப் பழக்கத்தில் விரல் போய்விட்டது. அதோடு நின்றேனா? என் போனை எடுத்து, 'நன்றி சகோதரி' என்று பதிலும் போட்டேன்.

முதல் வாய்ஸ் பாக்கியத்தக்காவிடமிருந்து வந்தது. "ஏலே, ஈஸ்வரி உனக்குத் தங்கச்சின்னா உன் மக உன்னைய என்ன முறை சொல்லிக் கூப்பிடும்? அதச் சொல்லிட்டு வேன்ல ஏறு."

வேனில் ஏறினால் முன் சீட்டிலிருந்து கடைசி சீட்டு வரை சிரிப்பு. ஈஸ்வரி முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சொன்னாள். "இருவது வருசமா எங்கிட்ட ஒரு தடவகூட நன்றின்னு சொன்னதில்ல. இன்னைக்குத்தான் சொல்லிருக்காக. அதுவும் சகோதரிக்கு."

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பழக்கத்தில் டிரைவர் கண்ணாடியைப் பார்த்தேன். அதில் உன் முகம் இல்லை. புது டிரைவர் ரோட்டைப் பார்த்து ஓட்டிக்கொண்டிருந்தார். நல்ல மனுசர், கேள்வி கேட்கிற ஆள் இல்லை. பத்து மாசத்தில் அந்த வண்டிக்குள் இப்படி ஒரு சிரிப்பு இன்றைக்குத்தான் கேட்டது. அது நான் கேட்ட கேள்விக்காக வந்ததில்லை, நான் முட்டாளானதற்காக வந்தது. உனக்குப் பிறகு குரூப்பை நான் எந்த லட்சணத்தில் நடத்துகிறேன் என்று இதிலேயே தெரிந்துகொள்.

அந்தக் குரூப்பை நீ ஆரம்பித்தது, வண்டி கிளம்பிவிட்டது என்று சொல்ல மட்டும்தான். ஏழாயிரம்பண்ணையில் எடுத்து, நாலு ஊர் சுற்றி, பட்டாசுக் கம்பெனி கேட்டில் கொண்டுபோய் இறக்குகிற வண்டி. 'கிளம்பியாச்சு', 'டயர் பஞ்சர், பத்து நிமிசம்', அம்புட்டுதான். பிறகு ஆளுக்காள் ரோஜாப்பூ அனுப்ப ஆரம்பித்தார்கள். பூவுக்கு மேல் குட்மார்னிங், சாமி படம், பதினோரு பேருக்கு அனுப்பாவிட்டால் கெடுதல் வரும் என்கிற மிரட்டல். நானும் அனுப்பியவன்தான். பயந்துகொண்டு பன்னிரண்டு பேருக்கு அனுப்பினேன், ஒன்று கணக்கில் விட்டுப்போயிருந்தால் என்ன செய்ய என்று. அந்தக் குப்பைக்குள் 'இன்னைக்கு வண்டி லேட்டு' என்று நீ போட்டதை யாரும் பார்க்காமல் ரோட்டில் நின்றார்கள்.

மறுநாள் காலை எல்லாரும் ஏறி உட்கார்ந்த பிறகு, இஞ்சினைப் போடாமல் திரும்பிப் பார்த்துச் சொன்னாய். "எவனோ எழுதுனத இனிமே அனுப்பாதீக. உங்க வீட்டுல நடந்தத நீங்க சொல்லுங்க. ஒண்ணும் நடக்கலன்னா ஒண்ணும் நடக்கலன்னு சொல்லுங்க."

அன்றைக்குப் போட்டாய் முதல் கேள்வியை. 'உங்க வீட்டுச் சாவி எங்கன தொங்குது?' அடுத்த நாள், 'வீட்டுல யாரும் தொடாத காய் எது?' இதெல்லாம் ஒரு கேள்வியா என்று நான் முன் சீட்டில் உன் பக்கத்தில் உட்கார்ந்து நக்கல் பண்ணினேன். சாயங்காலம் கேட்டில் மரப்பெட்டியைத் திறந்து போனைக் கொடுப்பார்களே, அப்போது பார்த்தால் முப்பது பேரும் பாகற்காயைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். வெடிமருந்து இருக்கிற இடத்தில் போன் ஆகாது என்பதால் பகலெல்லாம் எங்கள் போன் அந்தப் பெட்டியில் கிடக்கும், குரூப்பும் மூச்சுப் பேச்சில்லாமல் கிடக்கும். சாயங்காலம் வேனில் ஏறியதும் எல்லாத் தலையும் குனிந்திருக்கும். பக்கத்து சீட்டில் இருக்கிறவளுக்குக் குரூப்பில் பதில் போடுவாள் ஒருத்தி.

"பக்கத்துல உக்காந்துக்கிட்டு வாயால பேசுறதுக்கு என்ன கொள்ள?" என்று கேட்டேன்.

கியரை மாற்றிக்கொண்டே சொன்னாய். "வராதவுகளுக்கும் கேக்கணும்ல மச்சான்."

அப்போது பாக்கியத்தக்கா வேலைக்கு வராமல் நாலு மாசம் வீட்டில் கிடந்தது. கை இரண்டிலும் தீப்பிடித்து, விரலெல்லாம் கட்டு. அதற்கு டைப் பண்ண முடியாது. நீ அதைச் சொல்லாமலே ஒரு நாள், 'இந்த மாசம் எழுத்து கிடையாது, வாய்ஸ் மட்டும்தான். எனக்குக் கண்ணு சரியில்ல' என்று போட்டாய். மைல்கல்லைத் தூரத்திலிருந்தே படிக்கிற கண்ணு உனக்கு. அந்த மாசம் முழுக்க எல்லாரும் குரலில் பேசினோம். அக்கா மகள் போனைப் பிடித்துக்கொள்ள, அக்காவும் பேசியது. எனக்கு ஆறு மாசம் கழித்துத்தான் விஷயம் விளங்கியது. நான் பத்தாவதை இரண்டு தடவை எழுதியவன், எனக்கு எதுவுமே கொஞ்சம் தாமதம்தான்.

ஒரு தடவை, 'நீங்க பயப்படுற சத்தம் எது?' என்று கேட்டாய். ஒருத்தர் குக்கர் விசில் என்றார், ஒருத்தி மாமியார் இருமல் என்றாள். நான் ஈஸ்வரி என் முழுப் பேரையும் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் என்றேன். அக்கா கடைசியாகப் பேசியது. "வெடிக்கிற சத்தம்கூட இல்லய்யா. வெடிச்சு முடிஞ்சதும் ஒரு நிமிசம் ஒண்ணுமே கேக்காது பாரு. அதுதான்." அரை மணி கழித்து நீதான் கேட்டாய், "அக்கா, இன்னைக்கு என்ன கொழம்பு?" என்று. "புளிக்கொழம்பு. ஏன், வரப்போறியா?" என்று அக்கா கேட்டது. நிஜமாகவே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தாய்.

பொதுவாகக் கேட்டால் ஒருத்தரும் பதில் சொல்ல மாட்டார்கள், பேரைச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பாய். தினம் ஒருத்தர் பேர். யார் பேரை எந்த நாளில் எடுக்கிறாய் என்பதில் ஏதோ ஒரு கணக்கு இருந்தது. நான் கேட்டதற்குச் சிரித்தாய், சொல்லவில்லை.

போன வருசம் பன்னிரண்டாம் வகுப்பு ரிசல்ட் வந்த மறுநாள் என் பேரை எடுத்தாய். 'மச்சான், பாப்பா மார்க்கு எம்புட்டு?'

நான் பதில் போடவில்லை. கார்த்திகா கெமிஸ்ட்ரியில் போய்விட்டாள். அழுது அழுது முகம் வீங்கி உட்கார்ந்திருந்தாள். ஊருக்குச் சொல்லாமல் துணைத்தேர்வு எழுத வைத்துவிடலாம் என்று வீட்டில் முடிவு பண்ணி வைத்திருந்தோம். ஈஸ்வரி மூலம் கேள்விப்பட்டிருந்த பாக்கியத்தக்கா, வெகுளியாக, "பாப்பா கெமிஸ்ட்ரில போச்சாம்ல, பாவம்" என்று வாய்ஸ் போட்டுவிட்டது. நீ உடனே பேசினாய். "விடு மச்சான். நம்ம முப்பது பேரும் மருந்துக்குள்ளயேதான் கெடக்கோம். ஒருத்தருக்காச்சும் கெமிஸ்ட்ரி தெரியுமா?" முப்பது சிரிப்புப் பொம்மை வரிசையாக வந்து விழுந்தன.

நீ தாங்கிப் பேசினாய் என்று இப்போது தெரிகிறது. அன்றைக்குத் தெரியவில்லை. ஈஸ்வரி போனில் அதைக் கேட்டுவிட்டுக் கார்த்திகா எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அந்தக் கதவுச் சத்தம் எனக்கு ஆகவில்லை. குரூப்பைத் திறந்தேன், மியூட் என்பதை அமுக்கினேன். எட்டு மணி நேரமா, ஒரு வாரமா, எப்போதுமா என்று கேட்டது. போனுக்குக்கூட என் கோபத்தின் அளவைத் தெரிந்துகொள்ள ஆசை. ஒரு வாரம் என்று அமுக்கினேன்.

மறுநாள் வேனில் முன் சீட்டைத் தாண்டி, பின்னால் போய் உட்கார்ந்தேன். கண்ணாடியில் பார்த்துக் கேட்டாய்.

"கோவமா மச்சான்?"

"எனக்கென்ன கோவம்."

ஞாயிற்றுக்கிழமை இரண்டு தடவை போன் போட்டாய். எடுக்கவில்லை.

ஐந்தாம் நாள், துணைத்தேர்வுக்குப் பதிய வேண்டும் என்று நான் லீவு போட்டேன். கார்த்திகா தோழியோடு கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனாள், நான் வீட்டில் இருந்தேன். நீ ஆட்களைக் கேட்டில் இறக்கிவிட்டு, காலி வண்டியோடு திரும்பி வந்திருக்கிறாய். ரோடு பிரிகிற ஆலங்குளம் விலக்கில், சிமெண்ட் லாரிகள் போகிற ரோட்டோரம், வேப்பமர நிழலில் வண்டியை நிறுத்தியிருக்கிறாய். மர நிழலில் நிற்கிற வேனில் டிரைவர் சாய்ந்து கிடந்தால் தூங்குகிறான் என்றுதானே எவனும் நினைப்பான். பன்னிரண்டு மணிக்கு மேல்தான் விலக்குக் கடைக்காரர் கிட்டே போய்ப் பார்த்திருக்கிறார். உன்னை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிட்டு என் வீட்டுக்குப் பைக்கில் ஆள் அனுப்பினார். கொஞ்சம் முந்திக் கொண்டுவந்திருந்தால் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். எல்லாருக்கும் அப்படித்தான் சொல்வாக என்று ஈஸ்வரி சொல்கிறாள். அவளுக்கு என்மேல் இரக்கம்.

சாயங்காலம் கேட்டில் பெட்டியைத் திறந்ததும் எல்லாரும் போனை எடுத்துக் குரூப்பைத் திறந்திருக்கிறார்கள். பத்து மணி பத்து நிமிசத்துக்கு நீ போட்ட வாய்ஸ் அதில் இருந்தது. ஒரே நேரத்தில் முப்பது போனில், ஒன்றுக்கொன்று முன்னே பின்னே, உன் குரல் கேட்டதாம். உன் வீட்டுக்காரியை, தங்கச்சியை, காலையிலேயே கம்பெனியில் நீதான் இறக்கிவிட்டாய், மத்தியானம் வேறு வண்டியில் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அது ஒன்றுதான் நல்லது. கேட்டில் நின்று அதை அவள் கேட்கவில்லை.

"மச்சான், நீ வீட்டுலதான இருக்க? விலக்குல வண்டிய ஓரங்கட்டிருக்கேன். நெஞ்சுக்குள்ள ஒரு மாதிரி அமுக்குது. கேஸாத்தான் இருக்கும். ஒரு சோடா வாங்கிட்டு வா. கோவம்னா சோடாவ மட்டும் குடுத்துட்டுப் போயிரு."

அவ்வளவுதான். என் வீட்டிலிருந்து விலக்குக்கு வண்டியில் எட்டு நிமிசம்.

ஏன்டா போன் போடவில்லை என்று உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. இழவு வீட்டில் உட்கார்ந்து உன்னைத் திட்டிக்கொண்டிருந்தேன். பிறகுதான் உறைத்தது. போன் போட்டால் எடுக்க மாட்டேன் என்று ஞாயிற்றுக்கிழமையே உனக்குக் காட்டிவிட்டேனே. குரூப்பில் போட்டால் கேட்டுவிடுவேன் என்று நம்பினாய். ஐந்து வருசம் நீ பேச வைத்த குரூப்பு, அதை நம்பாமல் எதை நம்புவாய்?

தங்கச்சி என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் வார்த்தை, "உங்க போன்லயுமா கேக்கல அண்ணே?"

"சார்ஜ் இல்ல தங்கச்சி, அணைஞ்சு கெடந்துச்சு" என்றேன்.

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும், விதிய்யா, அந்த நேரம் பார்த்துச் சார்ஜ் இல்லாமல் போச்சு பாரு என்று எனக்கே ஆறுதல் சொன்னார்கள். நானும் தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு குரூப்பு படுத்துவிட்டது. நீ எப்போதோ என்னையும் அட்மின் ஆக்கி வைத்திருந்தாய், அதனால் பொறுப்பு என் தலையில். கலைத்துவிடலாமா என்று ஒரு தடவை நினைத்தேன். பாக்கியத்தக்கா விடவில்லை. "கலைச்சிட்டா வீட்டுல கெடக்கிறவ யார்கிட்டப் பேசுவா?" என்று கேட்டது. சரி என்று நானும் கேள்வி போட்டுப் பார்த்தேன். எனக்கு வருவதெல்லாம் பட்டிமன்றத் தலைப்பு. கார்த்திகா துணைத்தேர்வில் பாஸாகி, இப்போது காலேஜுக்குப் போகிறாள் மாப்ளே. அது நடந்த அன்றைக்குக் குரூப்பில் மார்க்கு எம்புட்டு என்று கேட்க ஒரு ஆள் இல்லை. நாள் முழுக்கப் போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

உன் நம்பர் இன்னும் குரூப்பில் இருக்கிறது. உன் போனைத் தங்கச்சி வைத்திருக்கிறாள். வேலைக்கு அவள் வருவதில்லை, வீட்டில்தான் இருக்கிறாள். இதுவரை ஒரு வார்த்தை போட்டதில்லை. அந்த போனில் உன்னுடைய கடைசி வாய்ஸை அமுக்கிப் பிடித்தால், அது யாருக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தது என்று பேர் பேராகக் காட்டும். அணைந்து கிடந்த போனுக்குப் பத்து மணி பத்து நிமிசத்துக்குப் போய்ச் சேர்ந்திருக்காது. தங்கச்சிக்கு அப்படி அமுக்கிப் பார்க்கத் தெரியுமா தெரியாதா என்று பத்து மாசமாக எனக்குத் தெரியவில்லை. கேட்கவா முடியும்?

இன்று சாயங்காலம் பெட்டியிலிருந்து போனை எடுத்தேன். உன் வேன் படத்தோடு உன் பேரில் ஒரு வாய்ஸ் வந்திருந்தது. தங்கச்சி குரல்.

"அண்ணே, நன்றி சகோதரி பாத்தேன். அவுக இருந்திருந்தா உங்கள இன்னைக்கு விட்டிருக்க மாட்டாக. எனக்கும் ஒரு கேள்வி கேளுங்கண்ணே. பகல்ல சும்மாத்தான் இருக்கேன்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பாக்கியத்தக்கா, "பேரச் சொல்லிக் கேளுய்யா" என்று முணுமுணுத்தது. தழும்பு விழுந்த விரலால் என் முழங்கையைத் தட்டியது. மைக்கை அமுக்கிப் பிடித்தேன். வெற்றி, உழைப்பு எதுவும் வாயில் வரவில்லை. "தங்கச்சி, இந்தக் கேள்வியெல்லாம் அவன் வீட்டுல எங்கன உக்காந்து யோசிப்பான்?" என்று கேட்டேன்.

வீட்டுக்கு வந்து கைகால் கழுவுவதற்குள் பதில் வந்துவிட்டது. இப்போது என் போனில் சத்தம் எப்போதும் முழுசாக இருக்கும். கோயிலில் திட்டு வாங்கியிருக்கிறேன், பஸ்ஸில் வாங்கியிருக்கிறேன். கேட்டில் பெட்டிக்குள் கடைசியாகப் போடுகிறவனும் முதலில் எடுக்கிறவனும் நான்தான். உன்னிடமிருந்து எனக்கு மிச்சம் இருப்பது அந்த ஒரு பழக்கம்.

"அடுப்படி வாசப்படிலதான் அண்ணே. காபியக் கையில வச்சுக்கிட்டு, போன மேலயும் கீழயும் தள்ளித் தள்ளிப் பாப்பாக. ரெண்டு மூணு நாளா யாரு பேசலன்னு பாப்பாக. பேசாதவுக பேரத்தான் எடுப்பாக. கடைசி நாலஞ்சு நாளா உங்களத்தான் பாத்துக்கிட்டிருந்தாக. மச்சான் இன்னும் வாயத் தொறக்கலன்னு."

உன் கணக்கு இதுதானா மாப்ளே.

மைக்கை மறுபடி அமுக்கிப் பிடித்தேன். ஈஸ்வரி அடுப்படியில் இருந்தாள். கார்த்திகா பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். நொடி ஓடுவது தெரிந்தது, ஐந்து, பத்து, பதினைந்து. இடது பக்கம் தள்ளி அழித்துவிட்டு, கும்பிடுகிற கைப் படம் ஒன்றை அனுப்பினேன். எவனோ வரைந்த கை.

சார்ஜ் இருந்தது, மியூட்டில் போட்டிருந்தேன் என்பதை என்றைக்காவது தங்கச்சியிடம் சொல்லிவிடுவேன். அதைச் சொல்ல எனக்குத் தெம்பு வந்துவிடும் என்றுதான் நினைக்கிறேன். அதற்கு அடியில் இன்னொன்று கிடக்கிறது. அன்று பத்தே காலுக்குக் கார்த்திகா சென்டரிலிருந்து ஆதார் போட்டோ கேட்டாள். அனுப்புவதற்காக வாட்ஸப்பைத் திறந்தேன். அவள் பேருக்குக் கீழே குரூப்பு, அதில் உன் பேர், மைக் படம், பச்சை வட்டத்துக்குள் ஒன்று. நீ என்னமோ பேசியிருக்கிறாய் என்று தெரிந்தது. பார்த்தேன் மாப்ளே. கெடக்கட்டும், கொஞ்சம் காத்துக் கெடக்கட்டும் என்று போனைக் கவிழ்த்து வைத்தேன்.